திக்கிப் பேசுவோர்க்கும் சபையில் இடமுண்டு

கிராம ஆட்சி என்பது பேச்சினால் நடைபெறும் ஆட்சியாகும். வாய்க்கால் தூர்ந்து கிடந்தாலும், குடிநீர்க் குழாய் பழுதுற்றாலும், கூட்டுறவுச் சங்கத்தில் கடன் பெறுவதில் இடர்ப்பாடு நேர்ந்தாலும், குடிமகன் ஒருவன் எழுந்து நின்று தன் குறையை வாய் திறந்து கூறுதல் வேண்டும். கூறினால்தான் பஞ்சாயத்து அறியும்; அறிந்தால்தான் பரிகாரம் பிறக்கும். ஆனால், கூறவேண்டியதை நன்கு அறிந்திருந்தும், சொல் தொண்டையிலே நின்றுவிடுகின்ற காரணத்தால் கூட்டத்தின் கடைசி வரிசையிலேயே அமர்ந்து, ஒன்றும் பேசாமல் வீடு திரும்புகின்ற சிலர் ஒவ்வோர் ஊரிலும் இருக்கின்றனர். அவர்களே திக்கிப் பேசுவோர்.

உலகெங்கும், எம்மொழி பேசுவோரிடையேயும், வயதுவந்தோருள் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர் திக்கிப் பேசுகின்றனர் என்பது அறிஞர் கணக்கு. அவ்வாறாயின், மூவாயிரம் பேர் வாழும் ஊர் ஒன்றில் இருபது முப்பது பேரேனும் இத்தகையோர் இருத்தல் கூடும். இவர்களுடைய குரல் கேளாத கிராம சபை முழுமையான சபையாகாது. ஆகவே, திக்கல் என்பது யாது, அது எதனால் உண்டாகின்றது, அதனோடு மனத்துணிவு பெற்று வாழ்வது எங்ஙனம், ஊரார் செய்யத்தக்க உதவி யாது என்பவற்றைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்திருப்பது நலம்.

திக்கல் என்பது யாது?

பேசுவதற்கு மூச்சு, குரல்வளை, நாக்கு, உதடு, தாடை ஆகிய யாவும் நொடிப்பொழுதும் பிசகாமல் இணங்கி இயங்குதல் வேண்டும். இவற்றை இயக்குவது மூளை. இவ்விணக்கத்தில் கணநேரத் தடை ஏற்படும்போது பேச்சு திக்குகின்றது. இது மூன்று வகையாகத் தோன்றும். முதலாவது, எழுத்தையோ அசையையோ திரும்பத் திரும்பக் கூறுதல். "த-த-தண்ணீர்" என்பது போன்றது. இரண்டாவது, ஓர் ஒலியை நீட்டிவிடுதல்; "மாஆஆடு" என்பது போன்றது. மூன்றாவது, ஒலியே எழாமல் வாய் அடைத்து நிற்றல். இவற்றுள் மூன்றாவதே பேசுவோரை மிகவும் வருத்துவது. அப்போது கண் இமைத்தல், கழுத்து இறுகுதல், கால் தரையில் தட்டுதல் முதலிய செயல்களும் உடன் நிகழக்கூடும். இவை வேண்டுமென்றே செய்யப்படுபவை அல்ல.

காவிரிக் கடைமடை விவசாயிகளுக்கு இதனை விளக்குவது எளிது. ஆற்றிலே நீர் நிறைந்திருக்கின்றது. வயலும் நீரை எதிர்நோக்கி நிற்கின்றது. இடையிலுள்ள மதகின் பலகைதான் இறுகிக்கொண்டது. அறிவு என்னும் ஆற்றிலும் குறையில்லை, சொல்ல விரும்பும் கருத்திலும் குறையில்லை, வழியில்தான் தடை. இறுகிய பலகையை முரட்டு வலிமையால் இழுத்தால் அது மேலும் இறுகும். நிதானமாக அசைத்துத் தூக்கினால் மேலெழும். திக்கலின் இயல்பும் இத்தகையதே. வலிந்து தள்ளினால் தடை வளரும்.

திக்கல் எக்காலத்தும் ஒரே அளவாக இராது. தனிமையில் பேசும்போதும், கன்றுக்குட்டியோடும் கைக்குழந்தையோடும் பேசும்போதும் பெரும்பாலோர்க்குப் பேச்சு தடையின்றி வரும். பாடும்போதும், பலரோடு சேர்ந்து ஒரே குரலில் ஓதும்போதும் திக்கல் பெரும்பாலும் மறைந்துவிடும். ஆனால் தம் பெயரைக் கூற வேண்டுமிடத்தும், தொலைபேசியிலும், அதிகாரி முன்னிலையிலும், பலர் கூடிய அவையிலும் அது மிகும். "நேற்று நன்றாகப் பேசினாயே, இன்று ஏன் திக்குகிறாய்?" என்று கேட்பது இவ்வியல்பை அறியாமையின் விளைவு.

காரணம் என்ன?

திக்கல் பெரும்பாலும் இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில், குழந்தை சொற்களைக் கோத்து வாக்கியமாகப் பேசத் தொடங்கும் பருவத்தில் தோன்றுகின்றது. குழந்தைகளுள் ஏறத்தாழ நூற்றுக்கு ஐவர்க்கு இது தோன்றலாம். அவர்களுள் நான்கில் மூன்று பங்கினர்க்கு அது தானாகவோ சிறு உதவியாலோ நீங்கிவிடும். எஞ்சியோர்க்கு அது வாழ்நாள் துணையாகி நிற்கும். பெரியவர்களுள் பெண்களைவிட ஆண்களே ஏறத்தாழ நான்கு மடங்கு மிகுதியாகத் திக்கிப் பேசுகின்றனர்.

இது சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வருவதைப் பலரும் கண்டிருப்பர். 2010-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுத் தேசிய சுகாதார நிறுவனங்களைச் சேர்ந்த டென்னிஸ் டிரேய்னா என்னும் அறிஞரும் அவர் குழுவினரும் திக்கலோடு தொடர்புடைய மூன்று மரபணுக்களைக் கண்டறிந்து வெளியிட்டனர். மூளையில் பேச்சை நடத்தும் பகுதிகளை இணைக்கும் நரம்புப் பாதைகளில் நுண்ணிய வேறுபாடுகள் உள்ளன என்பதும் பிற ஆராய்ச்சிகளால் தெளிவாகியுள்ளது. ஆகவே, திக்கல் உடலியற்கையில் வேர் கொண்டது. அறிவுக் குறைவன்று, ஒழுக்கக் குறைவன்று, பெற்றோர் வளர்ப்பின் பிழையுமன்று.

நம் ஊர்களில் இதுபற்றி நிலவும் தவறான கருத்துக்கள் பல. பயந்த சுபாவமே காரணம் என்பர் சிலர். பயம் திக்கலை மிகுவிக்கக் கூடுமேயன்றி அதனைத் தோற்றுவிப்பதில்லை. திக்கிப் பேசும் பிள்ளையோடு பழகினால் தம் பிள்ளைக்கும் தொற்றிக்கொள்ளும் என்று அஞ்சுவர் சிலர். இது தொற்றுவது அன்று. நாக்கு ஒட்டியிருப்பதால் வருவது என்று எண்ணி அதனை வெட்டிவிட முயல்வாரும் உண்டு. ஐரோப்பாவிலேயே 1841-இல் டீஃபென்பாக் என்னும் புகழ்பெற்ற பிரஷ்ய நாட்டு அறுவை மருத்துவர் நாக்கின் ஒரு பகுதியை வெட்டியெடுத்துத் திக்கலைப் போக்க முயன்றார். நோயாளிகள் துன்புற்றதே கண்ட பலன், திக்கல் நீங்கவில்லை. அம்முறை விரைவில் கைவிடப்பட்டது. நாவில் வசம்பு தேய்ப்பதனாலும் திக்கல் தீராது. குழந்தைகளுக்கு அதனைக் கொடுப்பது தீங்காகலாம். வாயில் கூழாங்கல்லை இட்டுப் பேசிப் பழகும் முறை, கிரேக்க நாட்டு டெமாஸ்தனிஸ் என்னும் நாவலர் கதையிலிருந்து வந்தது. கல் தொண்டையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து; ஆகையால் அதனை ஒருபோதும் செய்தல் ஆகாது.

ஏளனத்தின் கேடு

திக்கலைவிடக் கொடியது, அதன்பொருட்டு ஒருவன் அடையும் நாணம். ஜோசப் ஷீஹான் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர், தாமும் திக்கிப் பேசியவர், இதனைக் கடலில் மிதக்கும் பனிப்பாறைக்கு ஒப்பிட்டார். வெளியே தெரிவது சிறு பகுதி. நீருக்குள் மறைந்திருப்பது பெரும் பகுதி. நம் வயல்களில் முளைக்கும் கோரையையும் இதற்கு ஒப்பிடலாம். மேலே காண்பது நாலைந்து தாள். மண்ணுக்குள் கிழங்கு கிழங்காகப் பரவியிருப்பதே பெரிது. அச்சம், வெட்கம், குற்றவுணர்வு, தனிமை ஆகியவையே அக்கிழங்குகள். தாளை மட்டும் கொய்தால் கோரை ஒழியாது என்பதை உழவர்க்கு எடுத்துக் கூற வேண்டுவதில்லை.

காரைக்காலில் பேருந்து ஏறும் ஓர் இளைஞனை எடுத்துக்கொள்வோம். அவன் இறங்கவேண்டிய ஊர் திருநள்ளாறு. "தி" என்னும் எழுத்திலே தன் நா நின்றுவிடும் என்று அவன் அஞ்சுகிறான். நடத்துனர் அருகில் வந்ததும், எளிதாக நாவில் வரும் வேறோர் ஊரின் பெயரைச் சொல்லி, கூடுதல் கட்டணமும் கொடுத்து, இறங்க வேண்டிய இடத்திலே இறங்கிக்கொள்கிறான். வெளியார் கண்ணுக்கு அவன் திக்கவே இல்லை. ஆயினும் திக்கல் அவனை ஆண்டுகொண்டிருக்கின்றது. இவ்வாறே நியாய விலைக் கடையில் கேட்க வேண்டியதைக் கேளாமலும், வங்கியில் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளாமலும், படித்த படிப்புக்கேற்ற நேர்முகத் தேர்வுக்குச் செல்லாமலும், பெண் பார்க்கும் வீட்டில் ஊமைபோல் அமர்ந்தும் காலம் கழிப்போர் பலர். வார்த்தைக்கு வார்த்தை தப்பித்து ஓடுவதிலேயே அவர்களுடைய ஆற்றல் செலவாகிறது.

கடிந்துரைப்பதால் குழந்தைகள் எவ்வளவு ஒடுங்கிப் போகின்றனர் என்பதற்கு வரலாற்றில் வருந்தத்தக்க சான்று ஒன்று உண்டு. 1939-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தார் அநாதை இல்லக் குழந்தைகள் 22 பேரைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினர். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த குழந்தைகள் சிலரிடம், "உன் பேச்சு சரியில்லை; நீ திக்கத் தொடங்கிவிட்டாய்; கவனமாகப் பேசு" என்று மீண்டும் மீண்டும் கூறப்பட்டது. அக்குழந்தைகள் உண்மையில் திக்குவோராக ஆகிவிடவில்லை. ஆனால் பேசவே அஞ்சி ஒதுங்கலாயினர். சிலர்க்கு அம்மனப்புண் முதுமை வரையில் ஆறவில்லை. அப்பல்கலைக்கழகம் 2001-இல் இதற்காக மன்னிப்புக் கோரியது. நம் பள்ளிகளிலும் வீடுகளிலும் எவரும் சோதனை என்று எண்ணாமலே இத்தகைய சொற்கள் நாள்தோறும் சொல்லப்பட்டு வருகின்றன அல்லவா?

தருமபுரம் கூறும் செய்தி

காரைக்கால் நகரை அடுத்துள்ள தருமபுரம், காவிரித் தென்கரையில் தேவாரப் பாடல் பெற்ற தலங்களுள் ஒன்று. மயிலாடுதுறையை அடுத்து ஆதீனம் அமைந்துள்ள தருமபுரம் வேறு; இது வேறு. இங்குள்ள இறைவன் யாழ்முரிநாதர் எனப் பெயர் பெற்றமைக்குக் காரணமான வரலாறு பெரியபுராணத்தில் கூறப்பட்டுள்ளது.

திருஞானசம்பந்தர் பாடும் பதிகங்களைத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் உடனிருந்து யாழில் இசைத்து வந்தார். தருமபுரம் அவருடைய தாயார் பிறந்த ஊர். அங்கிருந்த சுற்றத்தார், பதிகத்தின் இசை உலகெங்கும் பரவுவது இவருடைய யாழினாலேதான் என்று புகழ்ந்தனர். அது கேட்டு வருந்திய பாணர், யாழில் அடங்காத இசையொன்றைப் பாடியருளுமாறு சம்பந்தரை வேண்டினார். சம்பந்தரும் அவ்வாறே பாடினார். பாணர் முயன்றும் அப்பாட்டு யாழின் நரம்புகளில் அடங்கவில்லை. நாணமும் துயரமும் மேலிட, இக்கருவியால் அன்றோ இந்நிலை வந்தது என்று யாழையே உடைத்தெறிய ஓங்கினார் பாணர். சம்பந்தர் அவரைத் தடுத்து, யாழைத் தம் கையில் வாங்கி, இறைவன் இசையெல்லாம் ஒரு கருவியில் அடங்குமோ என்று ஆறுதல் கூறி, இயன்ற அளவில் இசைப்பீராக என்று அதனைத் திரும்பக் கொடுத்தார் என்பது வரலாறு.

இக்கதை திக்கலைப் பற்றியது அன்று. எனினும் திக்கிப் பேசுவோர்க்கு அதில் ஒரு செய்தி உண்டு. உள்ளத்தில் இசை இருக்கின்றது. அதனைக் கருவி முழுமையாக வெளியிட மறுக்கின்றது. சுற்றத்தார் முன்னிலையில் நாணம் உண்டாகின்றது. கருவியையே உடைத்துவிட்டால் என்ன என்னும் எண்ணம் எழுகின்றது. இனிப் பேசுவதே இல்லை என்று மௌனம் பூணும் ஒவ்வொருவரும் அவ்வாறு யாழை ஓங்கியவரே ஆவர். அவர்களுக்கு வேண்டுவது, கையைப் பிடித்து நிறுத்தி, "வந்த அளவு வரட்டும், தொடர்ந்து இசைப்பீர்" என்று கூறும் ஒருவர். ஒவ்வோர் ஊரிலும் அத்தகைய ஒருவர் இருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

திக்கிப் பேசிய தலைவர்கள்

திக்குவோர் அவையில் முன்னிற்க முடியாது என்பார்க்கு நம் அண்டை மாநிலமே விடை கூறும். கேரளத்தின் முதல் முதலமைச்சராக 1957-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள் பதவியேற்ற ஈ. எம். எஸ். நம்பூதிரிப்பாடு வாழ்நாள் முழுவதும் திக்கிப் பேசியவர். 1909-இல் பிறந்து 1998-இல் மறைந்த அவர், இருமுறை முதலமைச்சராகவும், பின்னர் தம் கட்சியின் அகில இந்தியப் பொதுச் செயலாளராகவும் இருந்தார். திக்கல் நீங்கிய பின்னர் பேசலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. திக்கிக்கொண்டே ஆயிரக்கணக்கான மேடைகளில் பேசினார். "நீங்கள் எப்பொழுதும் திக்குவீர்களா?" என்று ஒருவர் கேட்டதற்கு, "இல்லை, பேசும்போது மட்டுந்தான்" என்று அவர் நகைத்து விடையிறுத்ததாகக் கூறுவர். அரசியற் கருத்துக்களில் அவரோடு வேறுபடுவோர் பலர் உண்டு. ஆனால் அவர் பேச்சைக் கேட்கப் பெருந்திரளாக மக்கள் கூடினர் என்பதையும், திக்கியதற்காக அவர்கள் எழுந்து சென்றுவிடவில்லை என்பதையும் யாரும் மறுப்பதற்கில்லை.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் குறிப்பாக நினைவிற்கொள்ள வேண்டியது மற்றொன்று. 1996-இல் கேரளத்தில் மக்கள் திட்டம் என்னும் இயக்கம் தொடங்கப்பட்டது. மாநிலத் திட்ட நிதியில் நூற்றுக்கு முப்பத்தைந்து முதல் நாற்பது பங்கு வரை உள்ளாட்சி அமைப்புக்களிடம் ஒப்படைக்கப்பட்டு, கிராம சபைகளில் மக்களே கூடிப் பேசித் திட்டம் வகுக்கும் ஏற்பாடு அது. அதன் வழிகாட்டும் உயர்மட்டக் குழுவிற்குத் தலைமை வகித்தவர் முதுமையிலும் ஓயாத அந்த நம்பூதிரிப்பாடேயாவார். சாதாரணக் குடிமக்கள் சபையில் எழுந்து பேச வேண்டும் என்பதற்காக உழைத்தவர், தாமே பேச்சில் தடையுடையவர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

வேறு உதாரணங்களும் உண்டு. இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜ், இளவரசராக இருந்தபோது 1925-இல் வெம்பிளி கண்காட்சியின் நிறைவு விழாவில் பேச எழுந்து பெரிதும் திணறினார். அடுத்த ஆண்டு லயனல் லோக் என்னும் ஆஸ்திரேலியரிடம் பயிற்சி பெறலானார். 1939-இல் போர் மூண்ட நாளில் வானொலி வாயிலாக நாட்டு மக்களுக்கு உரை நிகழ்த்தும் அளவுக்கு முன்னேறினார். அப்பொழுதும் அவர் திக்கல் அறவே நீங்கிவிடவில்லை. இடையிடையே நிறுத்தி நிறுத்திப் பேசினார். 2021 முதல் 2025 வரை அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த ஜோ பைடனும் இளமையில் கடுமையாகத் திக்கியவரே.

காந்தியடிகள் திக்கிப் பேசியவர் அல்லர், மிகுந்த கூச்சமுடையவர். 1891-இல் வழக்கறிஞராகத் திரும்பி வந்து பம்பாயில் முதல் வழக்கில் எழுந்து நின்றபோது ஒரு சொல்லும் வாராமல் அமர்ந்துவிட்டார். பேசத் தயங்கியதே தமக்குச் சொற்சிக்கனத்தைக் கற்பித்தது என்று பிற்காலத்தில் அவர் தம் சுயசரிதத்தில் எழுதினார். திக்கல் வேறு, கூச்சம் வேறு எனினும், மேடையில் நின்றுபோன ஒருவர் பின்னர் ஒரு நாட்டையே எழுப்பிவிட முடிந்தது என்பதை நாம் மறத்தல் ஆகாது.

பயிற்சி முறைகள்

திக்கலை ஒரே வாரத்தில் அறவே போக்கிவிடுவதாகக் கூறும் விளம்பரங்களை நம்பிப் பணத்தை இழக்க வேண்டாம். பெரியவர்களின் திக்கலை முற்றும் நீக்கும் மருந்து எதுவும் இல்லை. எளிதாகப் பேசுவதற்குரிய பயிற்சிகள் உண்டு. அவற்றைக் கற்பிப்போர் பேச்சு மொழிப் பயிற்சியாளர்கள் ஆவர். அவர்கள் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றவர்களா என்று விசாரித்துக்கொள்ள வேண்டும்.

அப்பயிற்சிகளுள் சிலவற்றை இங்கே சுருக்கமாகக் கூறலாம். க, த, ப முதலிய வல்லெழுத்துக்களைச் சொல்லும்போது நாக்கும் உதடும் முற்றும் அடைத்துத் திறக்க வேண்டியுள்ளது. அவ்விடத்தில் அழுத்தாமல், மெல்லத் தொட்டு, மூச்சு வெளிவரும்போதே ஒலியைத் தொடங்குதல் முதற் பயிற்சி. சொல்லின் முதல் அசையைச் சற்று நீட்டி நிதானமாகப் பேசுதல் இரண்டாவது. சொல் நின்றுவிட்டால் அதனோடு மல்லுக்கட்டாமல், ஒரு கணம் நிறுத்தி, இறுக்கம் தளர்ந்தபின் மீண்டும் மெதுவாகக் கூறுதல் மூன்றாவது. நான்காவது சிறிது விந்தையாகத் தோன்றலாம். திக்காத இடத்திலும் தாமே விரும்பிச் சற்றுத் திக்கிப் பேசுதல். நடுங்கி ஒளிந்த ஒன்றை நாமே முன்வந்து செய்யும்போது அதன்மீதிருந்த அச்சம் குறைகின்றது. ஐந்தாவதும் மிக முக்கியமானதும் ஆவது, மறைக்காமல் கூறிவிடுதல்: "எனக்குப் பேச்சு சற்றுத் திக்கும், பொறுத்துக் கேளுங்கள்" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால், பேசுவோர்க்கும் கேட்போர்க்கும் மனச்சுமை இறங்கும்.

ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பெற்றோர் வாயிலாகவே அளிக்கப்படும் பயிற்சி முறைகள் உண்டு. ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரில் தோன்றிய லிட்கோம் முறை அவற்றுள் ஒன்று. குழந்தை தடையின்றிப் பேசியதைப் பெற்றோர் பாராட்டுதல் அதன் உயிர்நாடி. குழந்தைக்குத் திக்கல் தோன்றி ஆறு மாதங்களுக்கு மேல் நீடித்தாலும், குடும்பத்தில் வேறு எவரேனும் திக்குபவராக இருந்தாலும், பேசும்போது முகம் இறுகிக் குழந்தை பேசவே மறுத்தாலும் தாமதியாமல் பயிற்சியாளரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். பெரியவர் ஒருவர்க்குத் திடீரென்று பேச்சு குழறினால், அது பக்கவாதத்தின் அறிகுறியாக இருக்கலாம். அவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

1965-இல் மைசூரில் நிறுவப்பட்ட அகில இந்தியப் பேச்சு கேட்டல் நிறுவனம் இத்துறையில் நம் நாட்டின் தலையாய நிலையம். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்திலும் பேச்சுப் பயிற்சிப் பிரிவு உண்டு. அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் முதலில் விசாரிப்பது எளிய வழி.

கூடி வாழ்ந்தால் கோடி நன்மை

பயிற்சியாளரிடம் வாரம் ஒருமுறை செல்வதைவிடவும், தம்மைப் போன்றோர் சிலருடன் கூடிப் பேசுவது பலர்க்குப் பெருந்துணையாய் அமைகின்றது. உலகில் தாம் ஒருவரே இவ்வாறு இருப்பதாக எண்ணிக் குமைந்த ஒருவர், அதே தடையை உடைய நால்வரைக் கண்டவுடன் அடையும் ஆறுதலுக்கு அளவில்லை. இந்தியத் திக்குவோர் சங்கம் 2008-இல் இந்நோக்கத்துடன் தோன்றியது. திக்கிப் பேசுவோரே கூடி நடத்தும் தன்னுதவிக் குழுக்கள் பல நகரங்களில் அமைந்தன. திக்கலை மறைக்காமல் ஏற்றுக்கொள்வதே அவர்களுடைய முதற் பாடம். ஆண்டுதோறும் அக்டோபர் 22-ஆம் நாள் திக்கல் பற்றிய விழிப்புணர்வு நாளாக 1998 முதல் உலகெங்கும் கொண்டாடப்படுகின்றது.

தன்னுதவிக் குழு என்பது நம் கிராமங்களுக்குப் புதிதன்று. 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் குழுக்கள், கையெழுத்திடவும் கூசிய பெண்களை வங்கி மேலாளரோடு வாதாடும் நிலைக்கு உயர்த்தியதை யாவரும் அறிவர். அதே முறையைத் திக்கிப் பேசுவோர்க்கும் கையாளலாம். இரண்டு மூன்று ஊர்களைச் சேர்ந்த ஐந்தாறு பேர் வாரம் ஒருமுறை நூலகத்திலோ சமுதாயக் கூடத்திலோ கூடலாம். முதலில் அனைவரும் ஒரே குரலில் பத்திரிகைச் செய்தியொன்றைப் படிக்கலாம். சேர்ந்து படிக்கும்போது நா தடையின்றி ஓடும். அவ்வின்பம் மனத்துக்கு ஊக்கம் தரும். பின்னர் ஒவ்வொருவரும் தம் பெயரையும் ஊரையும் கூறி, ஐந்து நிமிடம் பேசலாம். ஒருவர் பேசுகையில் மற்றவர் திருத்துவதோ சொல்லை எடுத்துக் கொடுப்பதோ கூடாது என்பதே குழுவின் ஒரே விதி. சில வாரங்கள் சென்றபின் தொலைபேசியில் பேசுதல், கடையில் விலை விசாரித்தல், வேளாண்மை அலுவலகத்தில் விதை பற்றிக் கேட்டல் என்று படிப்படியாக முன்னேறலாம். கிராம சபையில் எழுந்து ஒரு கேள்வி கேட்பதை இறுதிப் படியாக வைத்துக்கொள்ளலாம்.

ஊராரும் பஞ்சாயத்தும் செய்யத்தக்கவை

கேட்போர் கடைப்பிடிக்க வேண்டியவை மிக எளியவை. பேசுபவரின் முகத்தை இயல்பாக நோக்கி, அவர் கூறி முடிக்கும் வரையில் பொறுமையாகக் கேட்க வேண்டும். அவர் சொல்லவந்த சொல்லை நாம் ஊகித்துச் சொல்லிவிடக் கூடாது. "மெதுவாகப் பேசு", "மூச்சை இழுத்து விடு" என்னும் அறிவுரைகள் நல்லெண்ணத்தில் கூறப்படினும் தடையை மிகுவிக்கும். எப்படிப் பேசினார் என்பதை விட்டு, என்ன கூறினார் என்பதைக் கவனித்து விடையளிக்க வேண்டும். "திக்குவாயன்" என்னும் பட்டப்பெயரை ஊரில் எவரும் வழங்கலாகாது.

பள்ளியில் வருகைப் பதிவின்போது "உள்ளேன் ஐயா" என்று கூறுவதே சில பிள்ளைகளுக்கு நாள்தோறும் சோதனையாகிறது. அவர்கள் கையை உயர்த்தினால் போதும் என்று ஆசிரியர் விட்டுவிடலாம். பாடம் படிக்கச் சொல்லும்போது மற்றொரு மாணவனோடு சேர்ந்து படிக்கச் செய்யலாம். ஆயினும் பேசும் வாய்ப்பையே மறுத்து ஒதுக்கிவிடுதல் தவறு. எவ்வளவு பேசுவது என்பதை அப்பிள்ளையோடு தனியே கலந்து முடிவு செய்தல் நன்று.

பஞ்சாயத்துக்கள் பின்வருவனவற்றை மேற்கொள்ளலாம்:

1. அங்கன்வாடிப் பணியாளர் வாயிலாகத் திக்கிப் பேசும் சிறு குழந்தைகளைக் கண்டறிந்து பெற்றோர்க்கு உரிய ஆலோசனை கிடைக்கச் செய்தல். 2013 முதல் நடைபெற்றுவரும் தேசிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுவினர் ஊருக்கு வரும்போது இக்குழந்தைகளை அவர்களிடம் காட்டுதல்.

2. கிராம சபையில் தலைவர் தொடக்கத்திலேயே, "ஒருவர் பேசி முடிக்கும் வரையில் இடைமறிக்க வேண்டா" என்று அறிவித்தல். எழுத்து மூலம் குறை தெரிவிக்கவும், மற்றொருவர் அதனைப் படிக்கவும் இடமளித்தல். அதே வேளையில், தாமே பேச விரும்புவோர்க்குத் தேவையான நேரத்தைத் தயங்காது வழங்குதல்.

3. தன்னுதவிக் குழு கூடுவதற்கு நூலகத்தையோ சமுதாயக் கூடத்தையோ கட்டணமின்றி அளித்தல்.

4. ஊர்த் திருவிழா, பள்ளி ஆண்டு விழா ஆகியவற்றில் கூட்டாகப் பாடுதல், கூட்டாக ஓதுதல் ஆகிய நிகழ்ச்சிகளில் இப்பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளுதல்.

சட்ட நிலை ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பேச்சு மற்றும் மொழிக் குறைபாட்டையும் ஒன்றாகச் சேர்த்துள்ளது. ஆனால், குரல்வளை நீக்கம், மூளைப் பாதிப்பால் மொழி இழத்தல் போன்றவற்றால் நேரும் நிரந்தரக் குறைபாடு என்றே அச்சட்டம் அதனை வரையறுக்கின்றது. திக்கல் பெயர் சுட்டிக் கூறப்படவில்லை. ஆகவே, கடுமையாகத் திக்குவோர் சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே உறுதி கொள்ளாமல், தமிழ்நாட்டில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும், காரைக்கால் பகுதியில் சமூக நலத் துறையிலும் விசாரித்துக்கொள்வது நன்று. சட்டம் தருவது எதுவாயினும், பொறுமையோடு கேட்கும் செவியைச் சட்டத்தால் தர இயலாது. அதனை ஊரார்தாம் தர வேண்டும்.

திருவள்ளுவர் அவை அஞ்சாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். பேசுவோர் அவைக்கு அஞ்சாதிருத்தல் வேண்டுமாயின், அவையும் அஞ்சத்தக்கதாய் இராதிருத்தல் வேண்டும். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில், இதுவரை வாய் திறவாத ஒருவர் தயங்கித் தயங்கி எழுந்து நிற்கக் கூடும். அவர் முதற் சொல்லிலேயே நின்றுவிடவும் கூடும். அப்போது கூட்டம் நகையாமல், அவசரப்படாமல், அவர் வாக்கியம் முடியும் வரையில் காத்திருக்குமாயின், தூர்ந்துபோன ஒரு வாய்க்காலைப் பற்றிய உண்மை அவர் வாயிலிருந்து வெளிவரலாம். அதனால் ஊருக்கே நீர் கிடைக்கலாம். காத்திருப்பதற்கு ஆகும் செலவோ இரண்டு நிமிடங்கள்தாம்.